ஸ்விட்ச் 2: பழைய ஸ்விட்சின் உயரத்தை எட்டுமா?

2025 ஜூன் 5 அன்று கடைக்கு வந்த, நின்டெண்டோ நிறுவனத்தின் வீடியோ கேம் கருவியான (கன்சோல்) ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. அந்த நிறுவனத்தின் வேறெந்தக் கருவியும் இந்த வேகத்தில் விற்றதில்லை. செப்டம்பர் முடிவில் எண்ணிக்கை 1 கோடியே 3 லட்சத்தைத் தாண்டியது. நிதியாண்டு முழுவதற்கும் 1.5 கோடி என்று வைத்திருந்த இலக்கை நவம்பரில் 1.9 கோடியாக உயர்த்தினார்கள். இந்த எண்களை வைத்து, முந்தைய ஸ்விட்சையும் இது மிஞ்சிவிடும் என்று எழுதுகிறவர்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாக விற்கும், அதில் ஐயமில்லை. ஆனால் பழைய ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று இனித் திரும்ப வராது. இன்னொன்று முழுக்க முழுக்க விலையைப் பொறுத்தது. அந்த விலையோ இப்போது தவறான திசையில் நகர்கிறது.

முதலில், ஆரம்ப விற்பனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்த்துவிடலாம். 2012 நவம்பரில் நின்டெண்டோ வீ யூ என்ற கன்சோலை வெளியிட்டது. டிசம்பர் 31க்குள் 30 லட்சத்துக்கும் மேல் போனது. 2017 மார்ச்சில் வந்த முதல் ஸ்விட்ச் அந்த மாதம் முழுவதிலும் விற்றது 27 லட்சத்து 40 ஆயிரம்தான். வீ யூவுக்கு விடுமுறைக் காலத்தின் துணை இருந்தது, ஸ்விட்சுக்கு இல்லை. என்றாலும் அந்த முதல் கணக்கை மட்டும் பார்த்தவர் இரண்டில் எது தோற்கும் என்று சொல்லியிருக்கவே முடியாது. வீ யூவின் அடுத்த கணக்கில்தான் குட்டு வெளிப்பட்டது. 2013 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்தில் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம். ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதும் வெறும் 1 லட்சத்து 60 ஆயிரம். கடைசியில் வீ யூ 1.36 கோடியில் நின்றது, ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்து போனது. முதல் அலையில் வாங்குபவர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள். அவர்களுடைய ஆர்வம் ஒரு கன்சோலின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை.

ஸ்விட்ச் 2க்கு ஜப்பானில் நடந்த குலுக்கலே இதற்குச் சான்று. நின்டெண்டோவின் சொந்த இணையக் கடையில் முன்பதிவு செய்ய நிபந்தனைகள் இருந்தன. பிப்ரவரி இறுதிக்குள் பழைய ஸ்விட்சில் 50 மணி நேரத்துக்கு மேல் விளையாடியிருக்க வேண்டும், கட்டண ஆன்லைன் சேவையில் மொத்தம் ஓராண்டாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இடைத்தரகர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படி வடிகட்டியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள் என்று நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா அறிவித்தார். ஜப்பான் ஒன்றில் மட்டும், விதிமுறைக்குள் வந்தவர்கள் மட்டும் 22 லட்சம்! பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் இவர்கள் யார் என்பதையும் அந்த நிபந்தனையே சொல்கிறது. இவர்கள் ஏற்கெனவே வீட்டுக்காரர்கள். புதிதாக வாசல் ஏறி வருபவர்கள் வேறு.

பழைய ஸ்விட்ச் ஏன் அவ்வளவு விற்றது? கையிலும் விளையாடலாம், டாக் என்ற தாங்கியில் செருகினால் டிவியிலும் விளையாடலாம் என்ற வசதி புதுமையாக இருந்ததால் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பாதி உண்மை. இரண்டுக்கும் பொதுவான கருவி என்ற எண்ணம் புதிதல்ல. சேகா நிறுவனம் 1995லேயே நோமாட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சேகாவின் டிவி கன்சோலான ஜெனிசிஸின் கேம் கேட்ரிட்ஜை அப்படியே அதில் செருகி, பேருந்தில் உட்கார்ந்து விளையாடலாம். வேண்டுமானால் டிவியோடும் இணைக்கலாம். ஆறு பென்சில் பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் அது காலூன்றவில்லை. எண்ணம் இருந்தது, அதைத் தாங்கும் சிப் அன்று இல்லை. 2017இல் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப் அந்த இடத்தை நிரப்பியது. கையில் இருக்கும்போது பேட்டரிக்காக அடங்கி ஓடும். டாக்கில் உட்கார்ந்ததும் வரைகலைப் பகுதியின் வேகம் இரண்டு மடங்காக ஏறும். பெரும்பாலான கேம்களை இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனியாகச் செதுக்கித்தான் வெளியிட்டார்கள்.

ஆனால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றம் கியோட்டோவில் உள்ள தலைமையகத்தில் நடந்திருந்தது. வணிகத்தில் அதன் பங்குதான் பெரியது.

நின்டெண்டோ பல ஆண்டுகளாக இரட்டைக் குடித்தனம் நடத்திய நிறுவனம். டிவிக்கு ஒரு கன்சோல், கைக்கு ஒரு கருவி. இரண்டுக்கும் வேறு சிப், வேறு மென்பொருள், வேறு கேம்கள். நல்ல காலத்தில் இது இரட்டை வருமானம். டிவி கன்சோலான வீ 10 கோடிக்கு மேல் விற்றது, அதே காலத்தில் கையடக்கக் கருவியான டிஎஸ் 15.4 கோடி விற்றது. கேம்கள் எளிமையாக இருந்தவரை இரண்டு அடுப்பிலும் சமைக்க ஆட்கள் போதுமானவர்களாக இருந்தார்கள். உயர்தெளிவுத் திரைகள் வந்து, ஒரு கேமை முடிக்கத் தேவையான ஆட்களும் காலமும் பெருகியபோது சமாளிக்க முடியவில்லை. டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ் 2011இல் 25,000 யென்னுக்கு வந்தது. விளையாடச் சொல்லிக்கொள்ளும்படி கேம் இல்லாததால் சில மாதத்திலேயே விற்பனை படுத்தது. ஆகஸ்டில் விலையை 15,000 யென்னாக வெட்டினார்கள். அன்றைய தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆட்களை அந்தப் பக்கம் திருப்பி 3டிஎஸ்ஸைக் காப்பாற்றியபோது, இந்தப் பக்கம் வீ யூ பட்டினி கிடந்தது. மாதக்கணக்கில் பெரிய கேம் ஏதும் வராத வறட்சி. வெளி நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகிப் போயின.

2013இல் இவாடா, டிவி கன்சோலையும் கையடக்கக் கருவியையும் வடிவமைத்த இரு வன்பொருள் பிரிவுகளையும் ஒன்றாக்கினார். 2015இல், அவர் மறைந்த இரண்டு மாதத்தில், கேம் உருவாக்கும் பெரிய பிரிவுகளும் ஒரே குடையின்கீழ் வந்தன. இதன் விளைவாகப் பிறந்ததுதான் ஸ்விட்ச். அதுவரை இரண்டு கருவிகளுக்குப் பிரிந்து போன உழைப்பு முழுவதும் ஒன்றுக்கே வந்து சேர்ந்தது. சில வாரங்களுக்கு ஒரு பெரிய கேம் என்ற வரிசை சாத்தியமானது அதனால்தான். இந்த நன்மை ஸ்விட்ச் 2க்கும் தொடர்கிறது. முதல் ஆறு மாதத்திலேயே மாரியோ கார்ட் வேர்ல்ட், டாங்கி காங் பனான்சா, போகிமான் லெஜெண்ட்ஸ் இசட்-ஏ, கர்பி ஏர் ரைடர்ஸ், மெட்ராய்ட் பிரைம் 4 என்று வந்தது அதற்கு அடையாளம்.

திரும்ப வராதது வேறொன்று. வீ யூ தோற்றதே ஸ்விட்சுக்குப் பெரிய சொத்தாக அமைந்தது. அந்த வறட்சிக்கு நடுவிலும் நின்டெண்டோ அதற்காகச் சில அருமையான கேம்களைச் செய்திருந்தது. அவற்றை விளையாட ஆள்தான் இல்லை. மாரியோ கார்ட் 8 வீ யூவில் சுமார் 84 லட்சம் பிரதிகள் விற்றது. அதே கேமைச் சற்று மெருகேற்றி 2017 ஏப்ரலில் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். அது 6.5 கோடிக்கும் மேல் விற்று, அந்தக் கருவியிலேயே மிக அதிகம் விற்ற கேம் ஆனது. டாங்கி காங், பிக்மின் 3, சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட் எல்லாம் இப்படி இரண்டாம் பிறவி எடுத்தவைதான். ஸெல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டே முதலில் வீ யூவுக்காகத் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 2017 மார்ச்சில் விற்ற ஸ்விட்ச் கருவிகளைவிட ஸ்விட்சுக்கான அந்த ஸெல்டா பிரதிகள் அதிகம். கருவி கிடைக்காதவர்கள்கூட கேமை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆக, ஸ்விட்ச் தன் முதல் மூன்று ஆண்டுகளைக் கழித்தது, முந்தைய தலைமுறை உழைத்து வைத்துவிட்டு யாரும் தொடாமல் போன சேமிப்பில். அதற்குள் புதிய கேம்களை நிதானமாகச் செய்ய நேரம் கிடைத்தது. ஸ்விட்ச் 2க்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அதன் முன்னோடி தோற்கவில்லையே! பழைய ஸ்விட்சின் நல்ல கேம்களை ஏறத்தாழ எல்லோரும் விளையாடி முடித்துவிட்டார்கள். அவற்றைக் கூடுதல் கட்டணத்துக்கு மெருகேற்றித் தருகிறார்கள், அது பயனுள்ளதுதான். ஆனால் அதற்காகப் புதுக் கருவி வாங்க யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள். புதிதாகச் செய்தாக வேண்டும், செய்வதற்கோ முன்பைவிட நீண்ட காலம் பிடிக்கிறது. பிரெத் ஆஃப் தி வைல்ட் வந்தது 2017 மார்ச்சில். அதே உலகத்தைத் தளமாகக் கொண்ட அடுத்த ஸெல்டா 2023 மேயில்தான் வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள். ஒரு கன்சோலின் ஆயுளே ஏழெட்டு ஆண்டு என்றால், இப்படிப்பட்ட கேம் அதற்கு ஒன்று கிடைத்தால் பெரிது.

இனி கருவிக்கு வருவோம். 7.9 அங்குலத் திரை, 1080பி தெளிவு, நொடிக்கு 120 காட்சி வரை, 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஜாய்-கான் என்ற பொத்தான் கைப்பிடி, அதை மேசைமீது வைத்து மவுஸ் போலவும் நகர்த்தலாம். நண்பர்களோடு பேசியபடி விளையாட ஒரு தனிப் பொத்தான். இவையெல்லாம் நல்ல மேம்பாடுகள்தான். விற்பனையை இவை பெரிதாக அசைக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆகவே கடந்து போகிறேன்.

ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். என்விடியா ஸ்விட்ச் 2க்கான சிப்பில் டிஎல்எஸ்எஸ் என்ற தொழில்நுட்பத்தைச் சேர்த்திருக்கிறது. 4கே டிவிக்கு ஒரு காட்சியை முழுமையாக வரைய 80 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். கையில் பிடிக்கும் கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு அது தாங்காத பாரம். ஆகவே சிப் குறைந்த தெளிவில் வரைந்துகொள்கிறது. ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட நரம்பு வலைப்பின்னல் ஒன்று, முந்தைய காட்சிகளையும் பார்த்து, விடுபட்ட புள்ளிகளை ஊகித்து நிரப்புகிறது. சில வாட் மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு இது வரம். சோனியின் டிவி கன்சோலான பிளேஸ்டேஷன் 5க்காகச் செய்த கேமை இதற்கு மாற்ற முடியும் என்று வெளி நிறுவனங்களுக்குத் துணிவு வந்தது இதனால்தான். பழைய ஸ்விட்சில் நினைத்தே பார்க்க முடியாத சைபர்பங்க் 2077 என்ற கேம், ஸ்விட்ச் 2 வெளியான அன்றே அதில் வந்தது. பேட்டரி விஷயத்தில் மட்டும் முன்னேற்றம் இல்லை. நின்டெண்டோவே சொல்லும் கணக்கு 2 மணி முதல் 6.5 மணி நேரம்வரை. 2017 ஸ்விட்சுக்கு அது இரண்டரை மணியில் தொடங்கியது.

வெளி நிறுவனங்கள் திரும்பி வருவதில் ஒரு முள்ளும் இருக்கிறது. வேகமான கேட்ரிட்ஜ்களின் தயாரிப்புச் செலவு புளூ-ரே தட்டைவிடப் பல மடங்கு அதிகம். அதைத் தவிர்க்க, கேம்-கீ கார்டு என்ற ஏற்பாட்டை நின்டெண்டோ கொடுத்தது. கடையில் பெட்டி வாங்கலாம், உள்ளே கேட்ரிட்ஜும் இருக்கும். ஆனால் அதில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். முழு கேமையும் இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போதெல்லாம் அந்தக் கார்டும் செருகியிருக்க வேண்டும். மறுவிற்பனை செய்யலாம் என்பது ஒரு நன்மை. ஆனால் 60, 80 ஜிபி அளவுள்ள கேம்கள் நாலைந்து இறங்கினாலே 256 ஜிபி நிரம்பிவிடும். கூடுதல் சேமிப்புக்கு வீட்டில் இருக்கும் பழைய மெமரி கார்டு உதவாது, விலை கூடிய எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் மக்களிடம் இது மனக்கசப்பை உண்டாக்கியிருக்கிறது. அந்தக் கசப்பு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். சைபர்பங்க் கேமை உருவாக்கிய நிறுவனம் முழு கேமையும் 64 ஜிபி கேட்ரிட்ஜில் போட்டுக் கொடுத்தது. மனம் இருந்தால் செய்ய முடியும் என்பதற்கு அது உதாரணம்.

இப்போது விலை. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான்.

2025 ஏப்ரல் 2 அன்று நின்டெண்டோ விலையை அறிவித்தது. அமெரிக்காவில் 449.99 டாலர், மாரியோ கார்ட் வேர்ல்டும் சேர்த்து 499.99. அந்த கேமைத் தனியாக வாங்கினால் 79.99 டாலர். நின்டெண்டோ கேமுக்கு அண்மைக் காலத்தில் கேட்டிராத விலை. அதே நாள் மாலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் புதிய சுங்க வரிகளை அறிவித்தார். சீனாவுக்கு ஏற்கெனவே வரி இருந்ததால் அமெரிக்கச் சந்தைக்கான உற்பத்தியில் பெரும்பகுதியை வியட்நாமுக்கு நகர்த்தியிருந்தார்கள். அந்த வியட்நாமுக்கு 46 சதவீதம் வரி என்றார் டிரம்ப். ஏப்ரல் 9 அன்று தொடங்கவிருந்த அமெரிக்க முன்பதிவு நிறுத்தப்பட்டது. பெரும்பாலான நாடுகளுக்கு வரி தற்காலிகமாக 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு, 24ஆம் தேதி முன்பதிவு தொடங்கியது. கருவியின் விலையைக் கூட்டவில்லை, துணைக் கருவிகளின் விலையைக் கூட்டினார்கள். ஜாய்-கான் ஜோடி 89.99இலிருந்து 94.99 டாலரானது, டாக் 109.99இலிருந்து 119.99 ஆனது. பெரிய விலையைத் தொடாமல் சின்ன விலைகளில் சுமையைப் பங்கிடும் பழைய வியாபார உத்தி.

ஜப்பானில் வேறு கணக்கு. 2017இல் ஒரு டாலருக்குச் சுமார் 110 யென். 2025 தொடக்கத்தில் 150 யென்னை ஒட்டி இருந்தது. 449.99 டாலரை அப்படியே மாற்றினால் 67,000 யென்னுக்கு மேல் வரும். பழைய ஸ்விட்சை, வரி நீங்கலாக, 29,980 யென்னுக்கு வாங்கிய ஜப்பானியக் குடும்பத்தால் அதைக் கனவிலும் நினைக்க முடியாது. அங்கே சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆனால் ஜப்பானில் மட்டும் மலிவாக விற்றால், சுற்றுலா வருபவர்களும் இடைத்தரகர்களும் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கு நின்டெண்டோ கண்ட தீர்வு புத்திசாலித்தனமானது. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்குகளை மட்டும் ஏற்கும் ஒரு மாதிரியை 49,980 யென்னுக்கு விற்றது. எல்லா மொழியும் உள்ள மாதிரி 69,980 யென், அதுவும் தன் சொந்த இணையக் கடையில் மட்டும். ஒரே கருவிக்கு நடுவே 20,000 யென் வேறுபாடு. உள்நாட்டுச் சந்தையை இழக்கவே கூடாது என்று நின்டெண்டோ எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உள்நாட்டுப் பிள்ளைகள் கையில் கருவி இல்லையென்றால் போகிமானுக்கு அடுத்த தலைமுறை இல்லை.

பொதுவாக ஒரு கன்சோல் தன் ஆயுளில் மலிவாகிக்கொண்டே போகும். சிப் சிறிதாகும், உற்பத்திச் செலவு இறங்கும், விலை குறையும், அடுத்த அடுக்கு மக்கள் உள்ளே வருவார்கள். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலர், 2009இல் 99 டாலர். வரலாற்றிலேயே மிக அதிகம் விற்ற கன்சோலாக அது ஆனதில் அந்தக் கடைசி விலைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்தப் படிக்கட்டு தலைகீழாக நிற்கிறது. 2020இல் 499.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்தாண்டு கழித்து 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விலை அதே ஆண்டில் இரண்டு முறை ஏறியது. எட்டு வயதான பழைய ஸ்விட்சேகூட 299.99இலிருந்து 339.99க்கு ஏறியது. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் அவற்றின் விலை கிடுகிடுவென ஏறியது. 12 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பும் உள்ள கருவிக்கு இது நேரடி அடி.

பழைய ஸ்விட்சும் அமெரிக்காவில் விலை குறையவில்லையே, எப்படி விற்றது என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதன் ஆண்டு விற்பனையைப் பாருங்கள். முதல் முழு நிதியாண்டில் 1.5 கோடி, அடுத்து 1.7 கோடி, பிறகு 2.1 கோடி, நான்காவதில் 2.88 கோடி. பெரும்பாலான கன்சோல்கள் இறங்கத் தொடங்கும் வயதில் இது ஏறியது. இடையில் இரண்டு சம்பவங்கள். 2019 செப்டம்பரில் டிவியோடு இணையாத, சிறிய ஸ்விட்ச் லைட் 199.99 டாலருக்கு வந்தது. கையிலும் டிவியிலும் ஆடும் கருவியிலிருந்து டிவியை எடுத்துவிட்ட கருவி! பிள்ளைகள் கையில் கொடுக்க அதுதான் தோதாக இருந்தது. 2 கோடிக்கும் மேல் விற்றது. 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் முடங்கிய நாட்களில் அனிமல் கிராசிங் என்ற கேம் வந்தது. முதல் பன்னிரண்டு நாளில் 1 கோடியே 17 லட்சம் பிரதிகள்.

அந்த கேமில் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு தீவை அமைத்துக்கொள்வதுதான் ஆட்டமே. ஆனால் ஒரு ஸ்விட்சுக்கு ஒரு தீவு மட்டும்தான். அக்கா ஆரம்பித்த தீவில் தம்பி குடியேறலாம், வீடு கட்டலாம். தனித் தீவு கிடையாது. முதலில் ஆடத் தொடங்கியவர் வைத்ததே சட்டம், பாலம் எங்கே கட்டுவது என்பதுவரை அவர்தான் முடிவு செய்வார். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதாக ஒரு லைட் வாங்கித்தான் தீர வேண்டும். டிவி கன்சோல் என்றால் வீட்டுக்கு ஒன்று, கையடக்கக் கருவி என்றால் ஆளுக்கு ஒன்று. ஸ்விட்ச் முதலாவதாக வீட்டுக்குள் நுழைந்து, இரண்டாவதாகப் பெருகியது. 15 கோடியின் ரகசியத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஸ்விட்ச் 2 அதன் அறிமுக விலையிலேயே வீட்டுக்கு ஒன்றாகத்தான் இருக்கும். 450 டாலருக்கு அறிமுகமான பொருளைப் பத்து வயதுப் பிள்ளையிடம் பள்ளிப் பையில் போட்டு அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள். இப்போதைக்குப் பழைய ஸ்விட்ச் தம்பிக்குப் போகும், புதியது டிவி அறைக்கு வரும். ஒருவர் வாங்கிய கேமைப் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்விட்சோடும் பகிர்ந்து ஆடும் வசதியை நின்டெண்டோ கொடுத்திருப்பது இதை அறிந்துதான். பெற்றோருக்கு நல்லது, ஆனால் இரண்டாவது ஸ்விட்ச் 2 விற்பதை அது தள்ளிப்போடும்.

போட்டியாளர்களைப் பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. ஸ்டீம் டெக், ஆசஸ் நிறுவனத்தின் ராக் அலை (ROG Ally), 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் பெயரோடு வந்த அதன் புது மாதிரி. கம்ப்யூட்டர் கேம்களைக் கையில் ஆட நினைப்பவருக்கு இவை அருமையான கருவிகள். ஸ்டீம் என்ற இணையக் கடையின் தள்ளுபடியில் கேம்களும் மலிவு. ஆனால் 2022 முதல் 2024 வரை இந்த வகை முழுவதும் சேர்ந்தும் ஒரு கோடியைத் தொடவில்லை என்பதே சந்தை மதிப்பீடு. எக்ஸ்பாக்ஸ் பெயரோடு வந்த உயர்ரக மாதிரி 999.99 டாலருக்கு அறிமுகமானது. அது வேறு ஆட்களுக்கான வேறு கடை. கவலைப்பட வேண்டிய போட்டி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஏற்கெனவே இருக்கும் மொபைல்தான். அங்கே கேம் இலவசம், நண்பர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். 80 டாலர் கொடுத்து ஒரு கேம் வாங்கலாமா என்று யோசிக்கும் தாய் தந்தையர், அதை ஸ்டீம் டெக்கோடு ஒப்பிட மாட்டார்கள்.

இந்தியச் சந்தை இந்தக் கணக்கில் ஏறத்தாழ இல்லவே இல்லை. சோனி பிளேஸ்டேஷன் 5ஐ 2021 பிப்ரவரியிலேயே இங்கு முறையாக வெளியிட்டது. ஸ்விட்ச் அதன் ஆயுள் முழுக்க இங்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. சென்னையில் ஒருவர் கையில் ஸ்விட்ச் இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாகவோ, இறக்குமதிக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கியதாகவோதான் இருக்கும். நின்டெண்டோவின் இணையக் கடையில் இந்தியா என்ற நாடே இல்லாததால் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். பழுதானால் உத்தரவாதமும் இல்லை. மொபைலில் மட்டுமே விளையாடிப் பழகிய கோடிக்கணக்கான இளைஞர்கள் இருக்கும் நாட்டைத் தொடாமலேயே வளர்ச்சியைத் தேடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. வரியையும் விலையையும் பார்த்தால் காரணம் புரிகிறது, ஏற்றுக்கொள்ளத்தான் முடியவில்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆண்டு ஸ்விட்ச் 2, பழைய ஸ்விட்சைத் தாண்டியே ஓடும். ஆண்டுக்கு 12 கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்த பழைய கூட்டமும், நின்டெண்டோ கணக்கோடு அப்படியே இடம் மாறும் அவர்களுடைய கேம்களும் அதற்குப் போதும். இந்த முறை வீ யூ போன்ற விபத்துக்கு இடமில்லை. ஆனால் மூன்றாம், நான்காம் ஆண்டில் வளைகோடு மேலே ஏறுவதற்குப் பதில் தட்டையாகும், மொத்தம் 10 கோடியை ஒட்டி, கூடினால் 12 கோடியில் நிற்கும் என்று நினைக்கிறேன். அதுவே எந்த நிறுவனமும் பொறாமைப்படும் எண்.

இந்தக் கணிப்பைப் பொய்யாக்கக்கூடிய அறிவிப்பு ஒன்று உண்டு. டிவி இணைப்பு இல்லாத, சின்னத் திரையுள்ள ஸ்விட்ச் 2 லைட், 300 டாலருக்குள். முதல் லைட் வர இரண்டரை ஆண்டு ஆனது. அதே இடைவெளி என்றால் 2027 இறுதி. மெமரி விலை அதற்குள் இறங்கி, அதோடு கூடவே ஒரு பெரிய போகிமானும் வந்தால், நான் சொன்ன 12 கோடியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இனி நின்டெண்டோவின் காலாண்டு அறிக்கை வரும்போது மொத்த எண்ணிக்கையைவிட, ஒரே வீட்டில் இரண்டாவது கருவி வாங்குகிறார்களா என்பதைப் பாருங்கள்.